பெண் மனம் சமூகத்துக்குச் சமூகம் மாறுமா?

நூலகவாசி (இழையைத் தொடங்கியவர்)

"பெண்களுக்குப் போட்டி மனப்பான்மை குறைவு, அது பிறவிக் குணம்" என்று போன வாரம் ஒரு கூட்டத்தில் நன்கு படித்த ஒருவர் அடித்துச் சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் பதில் வாயில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைப் புரட்டினேன். இங்கே எழுதினால் தப்பைத் திருத்த ஆள் இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

2009-இல் உரி நீஸி, கென்னத் லெனர்ட், ஜான் லிஸ்ட் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தான்சானியாவின் மாசாய் மக்களிடமும் மேகாலயத்தின் காசி மக்களிடமும் ஒரே விளையாட்டை நடத்திப் பார்த்தார்கள். மூன்று மீட்டர் தள்ளி ஒரு வாளி. கையில் டென்னிஸ் பந்து. பத்து தடவை எறியலாம். எறிவதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் ஒரு தொகை வாங்கிக்கொள்வதா, அல்லது முகம் தெரியாத இன்னொருவரோடு போட்டி போட்டு, ஜெயித்தால் பந்துக்கு மூன்று மடங்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்று இறங்குவதா? உடல் பலமோ படிப்போ தேவைப்படாத விளையாட்டாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

மாசாய்களில் ஆண்களில் பாதிப்பேர் போட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள், பெண்களில் 26 சதவீதம். மாசாய் சமூகத்தில் சொத்து என்றால் மாடு, மாடு என்றால் ஆண்களுடையது. இதோடு நிறுத்தியிருந்தால் அந்தப் பெரியவர் சொன்னது சரிதான் என்று ஆகியிருக்கும். காசிகளிடம் கணக்கு புரண்டது. பெண்களில் 54 சதவீதம் போட்டிக்கு வந்தார்கள், ஆண்களில் 39. காசிகளிடம் பிள்ளைகளுக்குத் தாயின் குலப்பெயர், பரம்பரைச் சொத்து கடைசி மகளுக்கு.

என் கருத்து இது: நாம் பெண்ணின் குணம் என்று சொல்வதில் பெரும்பகுதி, அவள் காலடியில் இருக்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

---

எண்கணக்கு

மறுக்கிறேன். சோதனை அழகானதுதான், ஆனால் இரண்டே சமூகம், இருநூறு பேர் கூட இல்லை. காசிக்கும் மாசாய்க்கும் சொத்துரிமை மட்டுமா வேறு? மொழி, தொழில், மதம், கண்டம் எல்லாமே வேறு. எது காரணம் என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

பெரிய தரவைப் பார்ப்போம். ஃபால்க், ஹெர்ம்லே என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2018-இல் 76 நாடுகளில் ஏறக்குறைய 80,000 பேரிடம் எடுத்த தரவை வெளியிட்டார்கள். துணிந்து இறங்குவது, பொறுமை, பிறருக்கு உதவுவது, நம்பிக்கை வைப்பது போன்ற ஆறு விஷயங்களில் ஆணும் பெண்ணும் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பது கேள்வி. உங்கள் கணக்குப்படி, பெண்ணுக்கு உரிமை கூடக்கூட வித்தியாசம் குறைய வேண்டும். நேர்மாறாக வந்தது. செல்வமும் சமத்துவமும் அதிகமான நாடுகளில்தான் இடைவெளி அதிகம். 2008-இல் ஷ்மிட் குழு 55 நாடுகளில் ஆளுமைக் குணங்களை அளந்தபோதும் இதே போக்குதான். இதற்குப் பாலின சமத்துவப் புதிர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கட்டுப்பாடு விலகினால் அவரவர் இயல்பு வெளியே வருகிறது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த விளக்கம் பிடிக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் அதைத் தாண்டாமல் உங்கள் முடிவுக்குப் போக முடியாது.

---

நூலகவாசி

நியாயமான அடி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 55 நாட்டு ஆய்வை எழுதியவர்களே ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். நாட்டுக்கு நாடு இடைவெளி கூடிக் குறைந்ததற்கு முதன்மையான காரணம் பெண்களின் மதிப்பெண் இல்லை, ஆண்களின் மதிப்பெண் மாறியதுதான். அப்படியிருக்க, எல்லோரும் அதை வைத்துப் பெண்களைப் பற்றியே பேசுகிறோம்!

---

சொல்வழி

நான் பதினைந்து வருடமாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். உளவியல் கேள்வித்தாள்களும் வரும். இந்தப் "புதிர்" பற்றி என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும்.

ஒரு கேள்வித்தாளில் "நான் எளிதில் கோபப்படுபவர்" என்று ஒரு வாக்கியம். ஒன்று முதல் ஐந்து வரை குறிக்க வேண்டும். மொழிபெயர்ப்பு சரியாகப் புரிகிறதா என்று சில பேரிடம் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா பேனாவை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். புரியவில்லையா என்று கேட்டேன். "புரியுது. யாரை விட?" என்றார். "என் நாத்தனாரை விடன்னா நான் கோபமே படமாட்டேன். என் வீட்டுக்காரரை விடன்னா, அவருக்குக் கோபமே வராது, அப்ப நான்தான் கோபக்காரி." கடைசியில் மூன்றைக் குறித்துவிட்டுப் போனார்.

அந்த அம்மா கேட்டதைத்தான் உளவியலாளர் ஸ்டீவன் ஹைனும் அவரோடு இருந்தவர்களும் 2002-இல் ஆய்வாக எழுதினார்கள். மனிதர்கள் தங்களுக்கு மதிப்பெண் போடும்போது பக்கத்தில் இருப்பவர்களை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஒரு நாட்டுக்காரர் போட்ட 3-உம் இன்னொரு நாட்டுக்காரர் போட்ட 3-உம் ஒரே 3 ஆக வேண்டியதில்லை.

இதைப் பெண்களுக்குப் பொருத்திப் பாருங்கள். பெண்கள் பெண்களோடு மட்டுமே புழங்கும் சமூகத்தில் ஒரு பெண் தன்னை மற்றப் பெண்களோடு ஒப்பிடுவாள். ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில், ஒரே வேலையில் இருக்கும் சமூகத்தில் ஆண்களோடும் ஒப்பிடுவாள். முதலாவது இடத்தில் ஆண்-பெண் வித்தியாசம் காகிதத்தில் பதிவே ஆகாது. இரண்டாவதில் பளிச்சென்று பதிவாகும். செர்ஜ் கிமோன் குழு 2007-இல் ஐந்து நாடுகளில் இதைச் சோதித்தது. மலேசியாவை விட மேற்கத்திய நாடுகளில் இடைவெளி பெரிதாக வந்ததற்கு, அங்கே எதிர்பாலாரோடு ஒப்பிட்டுக்கொள்வதுதான் காரணம் என்று காட்டினார்கள்.

புதிர் முழுவதும் இதனால் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வாளியில் பந்து எறியும் சோதனைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அங்கே யாரும் "நீ எப்படிப்பட்டவள்" என்று கேட்கவில்லை. அவள் என்ன செய்தாள் என்று பார்த்தார்கள்.

---

எண்கணக்கு

இது நல்ல வாதம். 76 நாட்டு ஆய்வில் சில கேள்விகள் "இவ்வளவு தொகை நிச்சயம், அவ்வளவு தொகை அதிர்ஷ்டம், எது வேண்டும்" என்ற வகை. அவற்றில் ஒப்பீட்டுப் பிரச்சினை அவ்வளவாக நுழையாது. அதனால் நான் முழுதாக இறங்கிவரவில்லை. பாதி வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

கேள்விக்குறி

எல்லாம் சரி, உடம்பு என்று ஒன்று இல்லையா? ஹார்மோன் எல்லாச் சமூகத்திலும் ஒன்றுதானே?

---

இரவுப்பணி

உடம்பு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் செவிலியாக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். மாதவிடாய் நிற்கும் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஹார்மோன் மாற்றத்துக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

எங்கள் பாடப்புத்தகத்தில் முதல் அறிகுறி: திடீரென்று முகமும் கழுத்தும் சூடாகிச் சிவந்து வியர்ப்பது. எல்லாப் பெண்களுக்கும் பொது என்பது போல எழுதியிருக்கும். மார்கரெட் லாக் என்ற மானுடவியலாளர் 1980-களில் ஜப்பானில் 45 முதல் 55 வயதுள்ள பெண்களிடம் கேட்டார். அந்தச் சூட்டைச் சொன்னவர்கள் எட்டில் ஒருவர் அளவுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் மூன்றில் ஒருவர். ஜப்பானியப் பெண்கள் அதிகம் சொன்னது தோள்பட்டை இறுக்கமும் தலைவலியும். அந்தப் பருவத்துக்கு அவர்கள் சொல்லும் "கோனென்கி" என்ற சொல்லே வேறு பொருள் கொண்டது. மாதவிடாய் நிற்பதை மட்டும் அது குறிப்பதில்லை, பல வருடம் நீளும் ஒரு வாழ்க்கைக் கட்டத்தைக் குறிக்கிறது.

இன்னும் வியப்பானது மெக்சிகோவின் யுகடான் பகுதி மாயா பெண்கள். யூபுதார் பெயேனே என்ற மானுடவியலாளர் அவர்களிடம் போய்ப் பேசியபோது இந்தச் சூட்டை யாருமே சொல்லவில்லை. ஒருவேளை அவர்கள் உடம்பில் ஹார்மோன் குறையவில்லையோ என்று பிறகு இரத்தத்தை எடுத்தும் பார்த்தார்கள். 1993-இல் வந்த முடிவுப்படி, ஈஸ்ட்ரோஜன் அமெரிக்கப் பெண்களுக்குக் குறைவது போலவே குறைந்திருந்தது. உள்ளே நடப்பது ஒன்றுதான், அனுபவமாக வெளியே வருவது வேறு. அந்தப் பெண்கள் இந்தப் பருவத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள் என்றும் பெயேனே எழுதியிருக்கிறார். பிள்ளைப்பேறு முடிந்தது, தீட்டுக் கட்டுப்பாடுகள் முடிந்தன, மரியாதை கூடியது. 1975-இல் மார்ஷா ஃப்ளின்ட் ராஜபுத்திரப் பெண்களிடமும் ஏறக்குறைய இதையே கண்டார். மாதவிடாய் நின்ற பிறகுதான் அவர்கள் ஆண்கள் கண்ணில் படாமல் திரைமறைவில் இருக்கும் வழக்கத்தை விட்டு வெளியே வர முடிந்தது. அப்புறம் அதை யார் நோயாகச் சொல்வார்கள்?

உணவு, உழைப்பு, எத்தனை பிள்ளை பெற்றார்கள் என்பதெல்லாம் கூட இதில் சேரும். எல்லாம் மனம்தான் என்று நான் சொல்லவரவில்லை. உடம்பும் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாக வளர்கிறது என்றுதான் லாக் அவர்களும் முடிவுக்கு வந்தார்.

---

கேள்விக்குறி

இது எனக்குப் புதுச் செய்தி. நன்றி அக்கா. அப்படியானால் மனச்சோர்வு? எங்கே அளந்தாலும் பெண்களுக்கு ஆண்களைப் போல இரண்டு மடங்கு என்று படித்தேனே.

---

எண்கணக்கு

கிட்டத்தட்ட அப்படித்தான். பெரும்பாலான நாடுகளில் இந்த இரட்டிப்பு தெரிகிறது. சிறு வயதில் இந்த வித்தியாசம் இல்லை, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தொடங்குகிறது. அதனால் ஹார்மோன் என்று முடித்துவிட ஆசை வரும். ஆனால் ஒரு பெண்பிள்ளையை உலகம் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்குவதும் அதே வயதில்தான்.

நூலகவாசி சந்தோஷப்படட்டும், அவர் பக்கத்துக்கான ஒரு சான்றை நானே தருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் மனநல ஆய்வுத்தொடரில் 15 நாடுகளின் தரவை 2009-இல் வெளியிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் நிலை எங்கே ஆண்களுக்கு நெருங்கி வந்ததோ, அங்கே பெரும் மனச்சோர்வில் இருந்த இடைவெளியும் சுருங்கியிருந்தது. ஆளுமைக் கேள்வித்தாளில் ஒரு திசை, நோயில் வேறு திசை. இரண்டையும் ஒரே கோட்பாட்டில் அடைப்பது கஷ்டம்.

---

நூலகவாசி

சந்தோஷம்தான். இன்னொன்றும் இருக்கிறது. சீனாவில் லூகு ஏரியைச் சுற்றி வாழும் மோசுவோ மக்களில் ஒரு பகுதியினர் தாய்வழி, இன்னொரு பகுதியினர் தந்தைவழி. மொழியும் மதமும் ஒன்று. எண்கணக்கு கேட்ட "எல்லாமே வேறாயிற்றே" என்ற கேள்விக்கு இது ஓரளவு பதில். 2020-இல் வந்த ஆய்வில் இரத்த அழுத்தத்தையும், நாள்பட்ட அழற்சியைக் காட்டும் ஒரு புரதத்தையும் அளந்தார்கள். தந்தைவழிப் பகுதியில் பெண்களின் நிலை ஆண்களை விட மோசம். தாய்வழிப் பகுதியில் அது தலைகீழானது. வீட்டுச் சொத்தும் முடிவும் கையில் இருப்பது இரத்தம் வரைக்கும் போய்ச் சேர்கிறது.

---

தனிக்குரல்

இடையில் குறுக்கிடுகிறேன். தாய்வழிச் சமூகம் என்றதும் பெண்களின் சொர்க்கம் போலப் பேசத் தொடங்கிவிடுகிறோம். காசிகளிடம் சொத்து மகளுக்கு, சரி. ஆனால் ஊர் மன்றமான தோர்பார் மரபாக ஆண்களுடையது. கடைசி மகள் சொத்தோடு சேர்த்து வயதான பெற்றோரையும் குடும்பச் சடங்குகளையும் சுமக்கிறாள். அந்தச் சுமை அவள் மனதை என்ன செய்கிறது என்று பந்து விளையாட்டில் தெரியாது.

மானுடவியலாளர் மார்கரெட் மீட் 1935-இல் நியூ கினியின் மூன்று சமூகங்களைப் பற்றி எழுதினார். ஒன்றில் இருபாலாரும் மென்மை, ஒன்றில் இருபாலாரும் மூர்க்கம், சாம்ப்ரி மக்களிடம் பெண்கள் ஆதிக்கம். உலகமே கொண்டாடியது. பின்னால் டெபோரா கெவெர்ட்ஸ் அதே சாம்ப்ரி மக்களிடம் போய் வேலை செய்துவிட்டு, மீட் பார்த்தது ஒரு குறிப்பிட்ட காலத்தின் நிலைமை, நிரந்தர அமைப்பு இல்லை என்று சொன்னார். நாம் பார்க்க விரும்புவதையே தூரத்துச் சமூகத்தில் பார்த்துவிடக் கூடாது. ஒரு பெண்ணாக எனக்கும் காசிக் கதை இனிக்கிறது. இனிப்பதாலேயே கூடுதல் கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

நூலகவாசி

ஏற்கிறேன். "பெரும்பகுதி நிலம்" என்று எழுதியது அவசரம். நிலமும் ஒரு பகுதி.

---

சொல்வழி

யாரைக் கேட்டு எழுதினார்கள் என்பதும் முக்கியம். மனிதனின் அறவுணர்வு எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்று சொன்ன உளவியலாளர் கோல்பெர்கின் அடிப்படை ஆய்வில் பையன்கள் மட்டும்தான் இருந்தார்கள். அந்த ஏணியில் பெண்கள் கீழ்ப்படியில் நின்றுவிடுவது போலத் தெரிகிறதே, ஏணி யாருக்காகச் செய்தது என்று 1982-இல் கரோல் கில்லிகன் கேட்க வேண்டியிருந்தது. 2008-இல் ஆர்னெட் எண்ணிப் பார்த்தபோது, முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் உலக மக்கள்தொகையில் 12 சதவீதம் மட்டுமே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். "பெண் உளவியல்" என்று படிக்கும்போதெல்லாம் எந்தப் பெண் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வது என் பழக்கமாகிவிட்டது.

---

இரு பிள்ளை அம்மா

நான் படிப்பாளி இல்லை, என் மகளுக்குப் பதினான்கு வயது, அதனால் இந்த இழையை முழுக்கப் படித்தேன். கலாச்சாரம் என்றால் பழையது, மெதுவாக மாறுவது என்று பேசுகிறீர்கள். ஃபிஜியில் மூன்றே வருடத்தில் மாறியதே.

ஆன் பெக்கர் என்ற மருத்துவர் அங்கே நட்ரோகா பகுதியில் பள்ளிப் பெண்களை 1995-இல் சந்தித்தார். தொலைக்காட்சி அப்போதுதான் வந்திருந்தது. பூசினாற்போல இருக்கும் உடம்புதான் அங்கே அழகு, கவனித்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்பதன் அடையாளம். 1998-இல் திரும்பப் போனார். உணவுக் கோளாறுக்கான கேள்வித்தாளில் அபாய எல்லையைத் தாண்டியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.3 ஆகியிருந்தார்கள். எடையைக் குறைக்கத் தாங்களே வாந்தி எடுப்பதாக முதல் முறை ஒரு பெண் கூடச் சொல்லவில்லை. இரண்டாம் முறை 11.3 சதவீதம். திரையில் வரும் பெண்களைப் போல ஆனால் வேலை கிடைக்கும், வாழ்க்கை மாறும் என்று அந்தப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு ஊருக்கே ஒரு பெட்டி அப்படிச் செய்தது. என் மகள் கையில் இருப்பது அதைவிடச் சின்னது, எந்நேரமும் அவளோடு இருப்பது. குளியலறைக் கதவு சாத்தினால் நான் வெளியே நின்று காது கொடுத்துக் கேட்கிறேன். அவளுக்குத் தெரிந்தால் கோபப்படுவாள்.

---

இரவுப்பணி

சகோதரி, கதவுக்கு வெளியே நிற்பதை விட, அவள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருங்கள், எடையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல். சந்தேகம் வலுத்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மனச்சோர்வைப் பற்றி எண்ணிக்கை பேசினோம், பெண்கள் அதை எந்தச் சொல்லில் சொல்கிறார்கள் என்று பேசவில்லை. என்னிடம் வந்த பெண்களில் "எனக்கு மனச்சோர்வு" என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணலாம். நெஞ்சு பாரம், தலை கனம், உடம்பெல்லாம் எரிச்சல். இப்படித்தான் வருவார்கள். கொரியாவில் இதற்கு ஒரு பெயரே உண்டு: ஹ்வாப்யுங், நெருப்பு நோய். வருடக்கணக்காக விழுங்கிய கோபம் நெஞ்சில் கட்டியாக நிற்பது போல, சூடு மேலே ஏறுவது போல இருக்கும். அதிகம் நடுவயதுப் பெண்களுக்கு. 1994-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் பின்னிணைப்பில் அது இடம்பெற்றது. நோயின் பெயரிலேயே கோபம் இருக்கிறது, கவனித்தீர்களா? சோர்வு என்று பெயர் வைத்தால் அவளுக்குள் என்ன குறை என்று தேடுவோம். நெருப்பு என்றால் யார் மூட்டியது என்று கேட்கத் தோன்றும்.

ஜிம்பாப்வேயில் ஷோனா மொழியில் "குஃபுங்கிசிசா" என்பார்கள், அளவுக்கு மீறி யோசிப்பது. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ஹராரேயில் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரபெஞ்சு போட்டு உட்கார வைத்தார். முதலில் வைத்த பெயர் மனநல பெஞ்சு. அந்தப் பெயருக்கு யாரும் வரமாட்டார்கள் என்று பாட்டிமார்களே சொல்லி, நட்பு பெஞ்சு ஆனது. சிகிச்சையின் படிகளுக்கும் ஷோனா சொற்கள்தான்: மனதைத் திறப்பது, தூக்கி நிறுத்துவது, பலப்படுத்துவது. 2016-இல் வெளியான சோதனையில் 573 பேர், பெரும்பாலும் பெண்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 14 சதவீதம்.

---

தனிக்குரல்

பெஞ்சில் உட்கார்ந்து பேசியபின் அவள் அதே வீட்டுக்குத்தானே போக வேண்டும்?

---

இரவுப்பணி

ஆமாம். அதே வீட்டுக்குத்தான். அதனால்தான் அங்கே பேச்சு பெரும்பாலும் "உன் பிரச்சினைகளில் எதை முதலில் எடுக்கலாம்" என்று போகிறது. கடன், கணவர், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, எதுவானாலும் ஒன்றை எடுத்து, அதற்கு இந்த வாரம் என்ன செய்ய முடியும் என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். அடுத்த தடவை வந்ததும் செய்தாயா என்று கேட்கிறார்கள்.

---

எண்கணக்கு

நூலகவாசி, அந்தக் கூட்டத்துப் பெரியவரை மறுபடி பார்த்தால் என்ன சொல்வீர்கள்?

---

நூலகவாசி

அடுத்த மாதம் பார்ப்பேன். காசி, மாசாய் சோதனையை முதலில் சொல்வேன், உங்கள் 76 நாட்டுத் தரவையும் மறைக்காமல் சொல்வேன். அப்புறம் அந்த அம்மா கேட்டதை அவரிடம் கேட்பேன்: "போட்டி மனப்பான்மை குறைவு என்கிறீர்களே, யாரை விட?"